பவேரியாவின் பின்கதவைத் திறக்கலாம், வாங்க!

சாம்பல் புதன் காலை. தெற்கு ஜெர்மனியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய பசாவ் நகரம். அங்கே ஒரு பெரிய மண்டபம். உள்ளே நீள நீளமாக மேசைகள், தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மக்கள். தோல் அரைக்கால்சட்டை போட்ட ஆண்கள், பூவேலை செய்த கச்சும் பாவாடையும் அணிந்த பெண்கள், கையில் ஒரு லிட்டர் பீர்க் குவளைகள், தட்டில் மீன். தவக்காலத்தின் முதல் நாள் என்பதால் இறைச்சிக்கு விடுமுறை. அரசியலுக்கு விடுமுறையே கிடையாது! பித்தளை வாத்தியங்கள் முழங்க, கூட்டம் எழுந்து நிற்க, நடுப்பாதை வழியே கைகுலுக்கியபடி வருகிறார் தலைவர். மேடைக்குப் போய்ச் சேரவே ஒரு யுகம் ஆகிறது. அதன்பின் எதிர்க்கட்சிகளை ஒவ்வொன்றாக வறுத்தெடுக்கும் பேச்சு. ஆண்டுதோறும் ஜெர்மனி முழுக்க நேரலையில் பார்க்கும் காட்சி இது.

இந்த வழக்கத்துக்குச் சொந்தக்காரர்கள் முதலில் மாட்டு வியாபாரிகள்தான். பசாவுக்குப் பக்கத்தில் ஃபில்ஸ்ஹோஃபன் என்ற சிற்றூரில் சாம்பல் புதனன்று கால்நடைச் சந்தை கூடும். மாடு வாங்க வந்த விவசாயிகள் விலை பேசி முடித்ததும் அரசாங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். 1919இல் பவேரிய விவசாயிகள் சங்கம் அங்கே முறையான அரசியல் கூட்டம் நடத்தியது. 1953இல் அதே ஊரின் மதுக்கூடத்தில் ஓர் இளம் நாடாளுமன்ற உறுப்பினர் ஏறிப் பேசினார். பெயர் ஃபிரான்ஸ் யோசப் ஸ்ட்ராஸ். மியூனிக் இறைச்சிக் கடைக்காரரின் மகன். பிற்காலத்தில் மூன்று மணி நேரத்தையும் தாண்டும் அவருடைய பேச்சைக் கேட்க வந்த கூட்டம் அந்த ஊருக்குள் அடங்காமல் போய், 1975இல் நிகழ்ச்சியே பசாவுக்குக் குடிபெயர்ந்தது.

அவர் கட்சிதான் நம் கதாநாயகன்: கிறிஸ்தவ சமூக ஒன்றியம், சுருக்கமாக சி.எஸ்.யூ. பவேரியா என்ற ஒரே மாநிலத்தில் மட்டும் போட்டியிடும் பழமைவாதக் கட்சி. சுமார் 1,30,000 உறுப்பினர்கள். 1957 முதல் இன்றுவரை பவேரியாவின் முதல்வர் நாற்காலி வேறு எந்தக் கட்சிக்கும் போனதே இல்லை. மாநில எல்லையைத் தாண்டி ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தாத இந்தக் கட்சி, தேசிய அரசியலில், ஜெர்மன் அரசை நடத்தும் சான்சலர்களையே தூங்கவிடாமல் செய்திருக்கிறது. இதன் சகோதரக் கட்சியான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம், அதாவது சி.டி.யூ., ஜெர்மனியின் மற்ற 15 மாநிலங்களிலும் போட்டியிடும். பவேரியாவுக்குள் காலை வைக்காது. 1949 முதல் நாடாளுமன்றத்தில் இரண்டும் ஒரே குழுவாக உட்காருகின்றன. நான் இந்தக் கட்சியைப் பற்றிப் படிக்கப் படிக்க வியந்துபோவது ஒரே ஒரு விஷயத்தில்தான். தன் வேலியைத் தானே போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே நின்றதால்தான் இதற்கு இத்தனை பலம். இதன் கொள்கைகள் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள், அடியில் அந்த வேலி தெரியும்.

மேடை போதும். பின்பக்கம் போவோம்!

முதல் அறை, 1945. போர் முடிந்து ஊரெல்லாம் இடிபாடு. வியூர்ட்ஸ்பர்க்கிலும் மியூனிக்கிலும் சிறு குழுக்கள் கூடிப் புதுக் கட்சி பற்றிப் பேசுகின்றன. ஹிட்லருக்கு முன்பிருந்த பவேரிய மக்கள் கட்சி கத்தோலிக்கர்களின் கோட்டை. அதை அப்படியே தூசிதட்டி எடுத்தால் போதும் என்றது ஒரு கூட்டம். யோசப் முல்லர் என்ற வழக்கறிஞர் மறுத்தார். நாஜிக்களை எதிர்த்துச் சதி செய்து சிறைப்பட்டு உயிர் பிழைத்து வந்தவர் அவர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஒரே கூரையின்கீழ் இருந்தால்தான் இனி வாழ்வு என்பது அவர் பிடிவாதம். இளவயதில் மாட்டு வண்டி ஓட்டியதால் அவருக்கு 'காளை சேப்' என்று பட்டப்பெயர். எதிர்முகாமில் அலோய்ஸ் ஹுண்ட்ஹாமர்: நீண்ட தாடி, ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்று, மன்னராட்சிமீது மரியாதை. இருவருக்கும் நடந்த மோதலில் கட்சி பிறந்த சில வருடங்களிலேயே உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. முல்லரின் திட்டம் நிலைத்தது, ஹுண்ட்ஹாமரின் ஆட்களும் கட்சியில் நிலைத்தார்கள். இரண்டு எதிர் மனநிலைகளை ஒரே வீட்டுக்குள் வைத்துக் குடித்தனம் செய்யும் கலையை இந்தக் கட்சி அன்றே பழகிவிட்டது.

வேலியின் முதல் கம்பும் அப்போதே நடப்பட்டது. 1949 மே மாதம் மேற்கு ஜெர்மனியின் புதிய அரசியல் சட்டம் ஒப்புதலுக்கு வந்தபோது பவேரியச் சட்டமன்றம் விடிய விடிய விவாதித்தது. முடிவில் 101 உறுப்பினர்கள் 'வேண்டாம்' என்றார்கள். மத்திய அரசிடம் அதிகாரம் குவிகிறது என்பது அவர்கள் கோபம். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் ஏற்றால் எங்களுக்கும் அது செல்லும் என்று அதே அமர்வில் முடிவெடுத்தார்கள். எதிர்ப்பைப் பதிவு செய். வீட்டை விட்டு வெளியேறாதே. எழுபத்தைந்து வருடங்களாக இந்தக் கட்சி ஆடும் ஆட்டம் இதே நகர்த்தல்தான். அந்த இரவின் விவாதத்தை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்த பத்தாண்டு சுகமானதல்ல. பவேரியா கட்சி என்ற போட்டிக்காரர் 1950 தேர்தலில் கிட்டத்தட்ட 18 சதவீத வாக்குகளைப் பிடுங்கிக்கொண்டார், சி.எஸ்.யூ. 27 சதவீதத்தில் சுருண்டது. 1954இல் மற்ற நான்கு கட்சிகள் கைகோத்து அதை எதிர்க்கட்சி வரிசையில் உட்கார வைத்தன. அந்த மூன்று வருடங்களை வீணாக்காமல் கட்சி ஊர் ஊராகக் கிளைகளைக் கட்டியது, முழுநேர ஊழியர்களை நியமித்தது, கணக்கை ஒழுங்குபடுத்தியது. தலைவர்களின் வீட்டுத் திண்ணையில் நடந்த கட்சி, அலுவலகத்தில் நடக்கும் கட்சியானது. 1957இல் திரும்பி வந்தது. அதன்பின் போகவே இல்லை. 1974இல் 62.1 சதவீத வாக்கு! அந்தச் சாதனையை இன்றுவரை கட்சியே முறியடிக்கவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த அறைக்கு வருகிறோம். ஆல்ப்ஸ் அடிவாரம், டெகர்ன்ஸே ஏரிக்குத் தெற்கே வில்ட்பாட் க்ராய்ட். அரச குடும்பத்துக்குச் சொந்தமான பழைய ஆரோக்கிய மாளிகை. அதைக் கட்சி சார்ந்த ஹன்ஸ் சைடல் அறக்கட்டளை 1974 முதல் குத்தகைக்கு எடுத்திருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மூடிய கதவுக்குள் கூடிப் பேசும் இடம். வெளியே பனியில் நடுங்கியபடி நிருபர்கள். உள்ளே சூடான வாக்குவாதம்.

1976 நவம்பர் 19. சில வாரங்களுக்கு முன்புதான் சி.டி.யூ. தலைவர் ஹெல்முட் கோல் தலைமையில் இரு கட்சிகளும் 48.6 சதவீத வாக்கு வாங்கியும் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் போயிருந்தது. பவேரியாவில் மட்டும் 60 சதவீதம் வாங்கிய ஸ்ட்ராஸுக்குக் கோல்மீது கொதிப்பு. க்ராய்ட்டில் ரகசிய வாக்கெடுப்பு. 30 பேர் ஆதரவு, 18 பேர் எதிர்ப்பு. முடிவு: நாடாளுமன்றத்தில் இனி நாங்கள் தனிக் குழு! ஜெர்மனி முழுக்கத் தனிக் கட்சியாகக் களமிறங்கும் ஆசையும் அந்த முடிவுக்குப் பின்னால் மினுங்கியது. மேற்கு ஜெர்மன் அரசியலே ஆடிப்போனது.

ஐந்து நாள் கழித்து மியூனிக்கில், கோழி வறுவலுக்குப் பேர்போன வீனர்வால்ட் உணவகக் குழுமத்தின் தலைமையகத்தில், கட்சியின் இளைஞர் அணித் தலைவர்கள் முன்னால் ஸ்ட்ராஸ் மனம்விட்டுப் பேசினார். கோல் எதற்கும் லாயக்கில்லாதவர், அவர் ஒருநாளும் சான்சலர் ஆகப்போவதில்லை என்கிற ரீதியில் பொரிந்து தள்ளினார். அறைக்குள் எங்கோ ஓர் ஒலிப்பதிவுக் கருவி! பேச்சு 'டெர் ஷ்பீகல்' இதழுக்குப் போய்ச் சேர்ந்து அச்சிலும் வந்துவிட்டது.

கோல் கத்தவில்லை. ஒரே ஒரு நகர்த்தல் செய்தார்: அப்படியானால் நாங்களும் பவேரியாவுக்குள் வந்து கட்சி தொடங்குகிறோம் என்றார். அவ்வளவுதான்! மியூனிக்கிலிருந்து கிராமங்கள் வரை நடுக்கம் பரவியது. ஊராட்சித் தலைவர்கள், மாவட்ட நிர்வாகிகள் எல்லாரும் தலைமையை நெருக்கினார்கள். வீட்டுக்குள்ளேயே இன்னொரு பழமைவாதக் கட்சி வந்தால் 60 சதவீதம் என்ன ஆகும்? டிசம்பர் 12ஆம் தேதி முடிவு திரும்பப் பெறப்பட்டது. மூன்றே வாரத்தில் முடிந்த பிரிவினை. வேலி எங்கே இருக்கிறது, அதைத் தாண்டினால் எது போகும் என்பதைக் கட்சியின் ஒவ்வொரு கிளைச் செயலாளரும் அந்த மூன்று வாரத்தில் உணர்ந்துகொண்டார். அதன்பின் எத்தனையோ சண்டைகள் வந்தும் ஒருவரும் கம்பியை அறுக்கவில்லை. 'ஆகவே மாட்டார்' என்று ஸ்ட்ராஸ் சொன்ன அதே கோல், 1982இல் சான்சலராகி 16 வருடம் ஆண்டார்.

க்ராய்ட் மாளிகை இன்னொரு தலையையும் உருட்டியிருக்கிறது. 2003 தேர்தலில் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடங்களை வென்ற முதல்வர் எட்முண்ட் ஸ்டாய்பர், 2007 ஜனவரியில் அங்கே நடந்த கூட்டத்தில் தன் சொந்த ஆட்களாலேயே தனிமைப்பட்டார். கட்சித் தலைமை ஒருவருக்கு, முதல்வர் பதவி இன்னொருவருக்கு என்று வாரிசுகள் இருவர் பேசி முடித்துவிட்டார்கள். ஜனவரி 18 அன்று அவர் விலகல் அறிவிப்பு வந்தது. குத்தகை 2016இல் முடிய, ஜனவரிக் கூட்டங்கள் இப்போது ஸேயோன் மடத்தில் நடக்கின்றன. ஏரிக்கரை மடம், அதே பனி, அதே நிருபர் கூட்டம்.

இன்னும் இரண்டு திரைகளை விலக்குகிறேன். 2002 ஜனவரி 11, வோல்ஃப்ராட்ஸ்ஹவுசன் ஊரில் ஸ்டாய்பரின் வீடு. காலைச் சிற்றுண்டிக்கு ஒரு விருந்தாளி: சி.டி.யூ. தலைவி அங்கேலா மெர்கல். ரொட்டிக்கும் காபிக்கும் நடுவே, சான்சலர் வேட்பாளராக நீங்களே நில்லுங்கள் என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். ஸ்டாய்பர் வெறும் சில ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்து வாய்ப்பை இழந்தார். மெர்கல் பொறுமையாகக் காத்திருந்து 2005இல் நாற்காலியைப் பிடித்தார். அந்தச் சிற்றுண்டியை ஜெர்மன் அரசியல் நிருபர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அடுத்தது 2015 நவம்பர் 20, மியூனிக்கில் கட்சி மாநாடு. அகதிகள் வரவு உச்சத்தில் இருந்த நேரம். விருந்தினராக வந்து பேசி முடித்த சான்சலர் மெர்கல் மேடையிலேயே நிற்க, பக்கத்தில் ஒலிவாங்கியைப் பிடித்த முதல்வர் ஹோர்ஸ்ட் சீஹோஃபர் பதிமூன்று நிமிடம் போல அகதிகள் கொள்கையில் அவருக்குப் பாடம் எடுத்தார். நாட்டின் தலைவி, கையைக் கட்டிக்கொண்டு, கேமராக்கள் முன்னால்! எனக்கு அதைப் பார்க்க இன்றும் சங்கடமாகத்தான் இருக்கிறது. கருத்து வேறுபாட்டை அப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு 2,00,000 பேர் என்ற உச்சவரம்பை அவர் கட்சி வருடக்கணக்கில் வலியுறுத்தியது. அந்த எண் 2018 கூட்டணி ஒப்பந்தத்தில் மெலிந்த வடிவில் இடம்பிடித்தது. அதே கட்சியின் பீர்ப் பந்தலில்தான், மியூனிக்கின் ட்ரூடரிங் பகுதியில், 2017 மே மாதம் மெர்கல் பேசிய ஒரு பேச்சு உலகத் தலைப்புச் செய்தியானது: ஐரோப்பா இனித் தன் தலைவிதியைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. ஆக, பவேரியப் பந்தலில் போட்ட சத்தம் வாஷிங்டன் வரை கேட்டது!

வேட்பாளர்கள், அமைச்சர்கள் எப்படித் தேர்வாகிறார்கள் என்பதுதான் உண்மையான பின்னறை வேலை. பவேரியா ஒரே இனம் என்று வெளியே தெரியும். உள்ளே மூன்று வட்டாரங்கள்: பழைய பவேரியா, ஃபிராங்கோனியா, ஸ்வாபியா. கட்சிக்குள் பத்து வட்டார அமைப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுநிலத் தலைவர். அமைச்சரவை அமைக்கும் நாளில் முதல்வர் கையில் வைத்திருக்கும் தாளில் பெயருக்குப் பக்கத்தில் வட்டாரம், மதப்பிரிவு, ஆணா பெண்ணா என்ற கணக்கெல்லாம் ஓடும். திறமைசாலி ஒருவர் தப்பான வட்டாரத்தில் பிறந்துவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கோ இது பாதுகாப்பு ஏற்பாடாகவே படுகிறது. எந்த மூலையும் தான் கைவிடப்பட்டதாக நினைக்காமல் இருப்பதற்கு வேறு வழி எது? 2010இல் கட்சியின் மேல்மட்டக் குழுக்களில் பெண்களுக்கு 40 சதவீதம் என்ற விதியையும் சீஹோஃபர் மாநாட்டில் போராடி நிறைவேற்றினார். பழமைவாதக் கட்சியில் அது லேசான காரியமல்ல.

சரி, கொள்கைகளுக்கு வருவோம். இங்கேதான் பலரும் கொட்டாவி விடுவார்கள். எனக்கோ உற்சாகம் கூடுகிறது!

குடும்பம் முதலில். மிகச் சிறு குழந்தையை வீட்டிலேயே வளர்க்கும் பெற்றோருக்கு மாதம் 150 யூரோ வரை உதவித்தொகை என்ற திட்டத்தை இந்தக் கட்சி 2013இல் நாடு முழுக்கக் கொண்டுவர வைத்தது. பெண்களை அடுப்படிக்கே திருப்பி அனுப்பும் பணம் என்று எதிர்ப்பாளர்கள் கொதித்தார்கள். 2015இல் அரசியல் சட்ட நீதிமன்றம், இது மத்திய அரசின் அதிகாரத்தில் வராது, மாநிலங்கள் விரும்பினால் செய்துகொள்ளட்டும் என்று ரத்து செய்தது. பவேரியா உடனே தன் சொந்தப் பணத்தில் அதைத் தொடர்ந்தது. 2018இல் அதை மாற்றி, ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு மாதம் 250 யூரோ என்று ஆக்கியது. குழந்தை வீட்டில் இருந்தாலும் காப்பகத்துக்குப் போனாலும் பணம் கிடைத்தது. எப்படி வளர்ப்பது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும் என்ற இந்த வடிவம் பழையதைவிட எவ்வளவோ நேர்மையாக இருந்தது. 1992க்கு முன் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு ஓய்வூதியத்தைக் கூட்டித் தரும் திட்டமும் இந்தக் கட்சி விடாமல் பிடித்து வாங்கியதுதான்.

அடுத்து சிலுவை. வகுப்பறையில் சிலுவை கட்டாயம் என்ற பவேரிய விதியை 1995இல் அரசியல் சட்ட நீதிமன்றம் ரத்து செய்தது. மாநிலம் ஒரு புதுச் சட்டம் எழுதி, ஆட்சேபணை வந்தால் பேசித் தீர்ப்போம் என்று சொல்லிச் சிலுவையை வைத்துக்கொண்டது. 2018இல் முதல்வர் மார்க்குஸ் சோடர் இன்னொரு படி ஏறினார்: ஜூன் 1 முதல் மாநில அரசுக் கட்டிடம் ஒவ்வொன்றின் வாசலிலும் சிலுவை. யார் எதிர்த்தார் தெரியுமா? மியூனிக் பேராயர் கர்தினால் ரைன்ஹார்ட் மார்க்ஸ்! விசுவாசத்தின் அடையாளத்தை மாநில அடையாளமாக்கினால் பிளவுதான் வரும் என்று எச்சரித்தார். 2023இல் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் சிலுவை இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி சோடர் வென்றார். என் மனம் கர்தினால் பக்கம்தான்.

பழமையைக் காப்பவர்கள் மரத்தையும் ஆற்றையும் காக்க வேண்டும் அல்லவா? 1970இல் ஜெர்மனியின் முதல் சுற்றுச்சூழல் அமைச்சகம் பவேரியாவில்தான் பிறந்தது. நாட்டின் முதல் தேசியப் பூங்காவும் அதே ஆண்டு பவேரியக் காட்டில்தான் திறந்தது. பிறகு கட்சி தடுமாறியது. 2014இல், காற்றாலைக்கும் வீட்டுக்கும் நடுவே காற்றாலையின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். காற்றாலைகள் எழுவது கிட்டத்தட்ட நின்றே போனது. 2022இல் எரிசக்தி நெருக்கடி வந்தபின்தான் தளர்த்தினார்கள். ஆனால் 2019இல் நடந்ததைக் கேளுங்கள். தேனீக்களைக் காப்பாற்றுங்கள் என்று பொதுமக்கள் தொடங்கிய கோரிக்கையில் 17 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நகராட்சி அலுவலகங்களுக்கு வரிசையில் வந்து கையெழுத்திட்டார்கள். வாக்காளர்களில் 18 சதவீதம்! சோடர் எதிர்த்து நிற்கவில்லை. வாக்கெடுப்புக்குக் காத்திராமல் அந்தச் சட்டத்தைச் சட்டமன்றத்திலேயே நிறைவேற்றினார். முணுமுணுத்த விவசாயிகளுக்குத் துணைச் சட்டம் ஒன்றும் போட்டார். மக்கள் பக்கம் காற்று திரும்பியதும் திரும்பிவிடும் இந்தப் பழக்கத்தைச் சந்தர்ப்பவாதம் என்கிறார்கள். ஒரு சட்டம் நிறைவேறித் தேனீ பிழைத்தால் எனக்கு அந்தச் சந்தர்ப்பவாதம் சம்மதமே.

பணம்? பணக்கார மாநிலங்கள் ஏழை மாநிலங்களுக்குக் கொடுக்கும் நிதிச் சமன்பாட்டில் 2023இல் பவேரியாவின் பங்கு சுமார் 910 கோடி யூரோ. மொத்தத்தில் பாதி. மேடைதோறும் இதைச் சொல்லிக் கட்சி கைதட்டல் வாங்குகிறது; 2023இல் மாநில அரசு வழக்கும் தொடுத்தது. ஆனால் 1980கள் வரை பவேரியாவே அந்தத் தொட்டியிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த விவசாய மாநிலம்! அந்தப் பணத்தையும் சேர்த்துத்தான் விமானத் தொழிலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் எழுந்தன. விமானம் ஓட்டத் தெரிந்த ஸ்ட்ராஸ் ஏர்பஸ் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவே இருந்தார். தன் ஏற்றத்துக்கு மற்ற மாநிலங்கள் கொடுத்த கையை இந்தக் கட்சி மறக்கக் கூடாது.

ஒழுங்கு, எல்லை, காவல் விஷயங்களில் தயக்கமே கிடையாது. 2018இல் மாநிலத்துக்கெனத் தனி எல்லைக் காவல் படையை மீண்டும் தொடங்கினார்கள். 2024இல் மத்திய அரசு கஞ்சாவை ஓரளவு சட்டபூர்வமாக்கியதும், பீர்த் தோட்டங்களிலும் திருவிழாக்களிலும் அதைப் புகைக்கத் தடை போட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல், ஆண்-பெண்-மற்றோர் எல்லாரையும் குறிக்கச் சொல்லின் நடுவே நட்சத்திரக் குறி போடும் எழுத்துமுறையைப் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் விலக்கினார்கள்.

சில கொள்கைகள் மேடையில் மட்டும் மின்னின. நெடுஞ்சாலையில் வெளிநாட்டுக் கார்களுக்குச் சுங்கம் என்ற யோசனை பீர்ப் பந்தலில் பெரிய கைதட்டல் வாங்கியது. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வாகன வரியில் அதைக் கழித்துவிடுவதாகத் திட்டம். 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம், இது பாரபட்சம் என்று தூக்கிப்போட்டது. அவசரப்பட்டு முன்கூட்டியே போட்ட ஒப்பந்தங்களுக்காக அரசு 24.3 கோடி யூரோ இழப்பீடு கட்ட நேர்ந்தது. ஒரு பள்ளிக்கூடக் குழந்தைக்கும் பயன்படாமல் போன பணம் அது; மன்னிக்கவே முடியாத வீண்.

ஆனால் ஒரே ஓர் உதாரணத்தில் இந்தக் கட்சியின் துணிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1983. கம்யூனிசத்தைக் கண்டால் சீறும் ஸ்ட்ராஸ், திவாலாகும் நிலையில் இருந்த கிழக்கு ஜெர்மனிக்கு 100 கோடி மார்க் கடன் கிடைக்க வழிசெய்தார். பேச்சுவார்த்தை நடந்தது இறைச்சி வியாபாரி நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில், கிழக்கு ஜெர்மனியின் ரகசிய வணிகப் புள்ளி ஒருவரோடு. எல்லையில் பொருத்தியிருந்த தானியங்கித் துப்பாக்கிகள் பிறகு அகற்றப்பட்டன. கட்சிக்குள் ஆத்திரம் வெடித்தது. இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் வெளியேறி, இன்னும் வலப்பக்கமாகப் புதுக் கட்சி தொடங்கினார்கள். தனக்கு வலப்பக்கம் ஜனநாயக ரீதியில் எந்தக் கட்சியும் முளைக்கக் கூடாது என்று சொல்லிவந்த ஸ்ட்ராஸின் தோட்டத்திலேயே அது முளைத்தது.

இன்று அந்த வலப்பக்கத்து இடம்தான் கட்சியின் தலைவலி. 2023 தேர்தலில் சி.எஸ்.யூ. 37 சதவீதம், கூட்டாளியான சுதந்திர வாக்காளர்கள் அமைப்பு 15.8, தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. 14.6. தலைவர் சோடரோ கூட்டம் சேர்ப்பதில் கில்லாடி. நியூரம்பர்க்கில் பிறந்த புராட்டஸ்டண்டு. சிறுவயதில் தன் அறைச் சுவரில் ஸ்ட்ராஸ் படம் ஒட்டியிருந்தவர். ஃபிராங்கோனியத் திருவிழா மேடைக்கு மர்லின் மன்றோவாகவும் ஷ்ரெக்காகவும் வந்திருக்கிறார். 2015இல் மகாத்மா காந்தி வேடம்! தட்டில் என்ன இருக்கிறது என்று படம் போட்டே லட்சக்கணக்கானவர்களைப் பின்தொடர வைத்திருக்கிறார். 2021இல் சான்சலர் வேட்பாளர் ஆகிவிடத் துடித்தார். நள்ளிரவு தாண்டி நடந்த சி.டி.யூ. செயற்குழு வாக்கெடுப்பில் 31 பேர் தங்கள் தலைவர் ஆர்மின் லாஷெட்டையே தேர்ந்தெடுத்தார்கள். 1980இல் ஸ்ட்ராஸ், 2002இல் ஸ்டாய்பர் எனச் சான்சலர் வேட்பாளர்களாக வேலிக்கு வெளியே போய் நின்ற இருவருமே தோற்றவர்கள்.

வேலி ஆபத்தாகவும் ஆகும் என்பதை 2023 காட்டியது. நாடு தழுவிய கணக்கில் 5 சதவீதத்துக்குக் குறைந்தால், பவேரியாவின் அத்தனை தொகுதிகளையும் வென்றாலும் ஒரு இடம்கூடக் கிடையாது என்று புதுத் தேர்தல் சட்டம் சொன்னது. 2021இல் கட்சி வாங்கியது 5.2! ஒரு மழைநாள் போதும், முழுக் கட்சியும் நாடாளுமன்றத்திலிருந்து காணாமல் போக. பவேரியா நீதிமன்றம் ஏறியது. 2024 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றம், தொகுதிகளை வென்ற கட்சிக்கு இருந்த பழைய பாதுகாப்பை மீட்டுக் கொடுத்தது. 2025 பிப்ரவரியில் கட்சி 47 தொகுதிகளிலும் முதலிடம் வந்தது; புது விதியின் இன்னொரு பிரிவால் மூன்று வெற்றியாளர்கள் வீட்டிலேயே இருக்க, 44 பேர் உள்ளே போனார்கள். தன் ஊரில் முதலிடம் வந்தவரை வெளியே நிறுத்துவது நியாயமே இல்லை என்று நான் நினைக்கிறேன்.

நாடு முழுக்க 6 சதவீதம். அதற்குக் கிடைத்தது மூன்று அமைச்சர்கள்: உள்துறைக்கு அலெக்ஸாண்டர் டோப்ரிண்ட், ஆராய்ச்சி-விண்வெளிக்கு டோரத்தே பேர், வேளாண்மைக்கு அலோய்ஸ் ரைனர். இதில் ரைனர் தொழில்முறைப்படி இறைச்சிக் கடை நடத்தியவர். நாடாளுமன்றத்தில் உறுப்பினராகக்கூட இல்லாத மாநில முதல்வர் சோடர், பெர்லின் கூட்டணிக் குழுவில் சம நாற்காலியில் உட்காருகிறார். ஜெர்மனி பற்றிய செய்தி இனி உங்கள் கண்ணில் பட்டால், சான்சலர் என்ன சொன்னார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். 2025 மே 5 அன்று கையெழுத்தான கூட்டணி ஒப்பந்தத்தில் மூன்று கட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. அதில் ஒன்று பவேரியாவைத் தவிர வேறெங்கும் வாக்குச்சீட்டில் இல்லாத கட்சியுடையது. அந்தக் கையெழுத்தைத் தேடிப் படியுங்கள்.